பங்கு எடுத்த வீடு

இதை வாசிக்கப் போகிறவர்கள் முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மண்வெட்டிப் பிடிக்குப் பழகிய விரல்களில் பேனை நிற்பதில்லை. வரிகள் மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் முடிகின்றன. ளகரமும் ழகரமும் இடம் மாறி முளைத்திருந்தால் பிடுங்கி அதனதன் பாத்தியில் நட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பயணத்தை வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு நாலு சொல்லுக்கு மேல் வராது. ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைப்பது சின்ன வயதிலிருந்தே எனக்குக் கஷ்டம். தாள் என் முகத்தைப் பார்க்காது. அதனால், போய்வந்து இரண்டு மாரி கழிந்த பிறகு, எழுதத் துணிந்திருக்கிறேன்.

திருகோணமலைத் துறைமுகக் கந்தோர் உத்தியோகத்தர்களின் விடுதிகளில் நான் தோட்டக்காரன். வெள்ளைக்காரர் விட்டுப்போன புல்வெளிகளுக்குத் தண்ணீர் விடுவதும், வளர்ந்த புல்லை வெட்டுவதும், பாத்தி ஓரத்துக் கற்களுக்குச் சுண்ணாம்பு பூசுவதும் என் வேலை. நான் நின்று வேலை செய்கிற இடத்திலிருந்து பார்த்தால் விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் மூதூர்க் கரை ஒரு பச்சைக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் போனதில்லை. எனக்கு அது வெளிநாடு.

அங்கே போக வேண்டி வந்தது என் மனைவி பூமணியின் தம்பி யோகனால். தாய் இல்லாத பிள்ளை. பூமணிதான் அவனைத் தூக்கி வளர்த்தாள். படித்து வாத்தியார் ஆனவனுக்கு முதல் வேலையே மூதூருக்கும் அப்பால், கடல்நீர்க் களப்புக்கும் காட்டுக்கும் நடுவில் வேடர்கள் குடியிருக்கிற வம்மிக்குடாவில் கிடைத்தது. கிடுகுக் கொட்டில் ஒன்றுதான் பள்ளிக்கூடம். தேன் எடுக்கிற காலம் வந்தால் தாய் தகப்பனோடு பிள்ளைகளும் காட்டுக்குப் போய்விடுவார்கள். கொட்டிலில் யோகனும் ஓணானும்தான் இருப்பார்கள். வட்டாரக் கல்வி அதிகாரி அதைப் பூட்டிவிட நினைத்தார். யோகன் கெஞ்சினான். அரிசி கிடைக்காத காலம். பள்ளிக்கூடத்தில் ஒரு தோட்டம் போட்டு மத்தியானம் அவித்துக் கொடுத்தால் பிள்ளைகள் வருவார்கள் என்று சொன்னான். சரி, செய்து காட்டு என்று அவர் தவணை கொடுத்தார். அந்த மாரிக்கு நான் லோஞ்சிப் படகில் கட்டுக் கட்டாக மரவள்ளித் தடி அனுப்பிவைத்தேன்.

ஆவணி மாதம் விடுமுறைக்கு வந்த யோகன் எங்கள் குசினியில் பலகையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"அத்தான், அதிகாரி வாறார். தோட்டத்தையும் பார்ப்பார், பிள்ளையளின்ர வரவையும் பார்ப்பார். பிடிச்சால் பள்ளிக்கூடம். பிடிக்காட்டில் பூட்டு. நீங்கள் ஒருக்கா வந்து தோட்டத்தைத் திருத்தித் தரவேணும்."

"பூட்டட்டும்," என்றாள் பூமணி, அவனுக்கு இன்னும் கொஞ்சம் சொதி விட்டபடி. "நீ வீட்டை வந்து இஞ்ச ஒரு பள்ளிக்கூடத்தில படிப்பி."

"அந்தப் பிள்ளையள் அக்கா?"

"அதுகளுக்குக் காடு இருக்கு. எனக்கு நீ ஒருத்தன்தானே இருக்கிறாய்."

அவன் கை கழுவ எழுந்தான். நான் புறப்பட்ட காலையில் பூமணி வாசல் படலை வரை வந்தாள். "இஞ்சாருங்கோ, தோட்டத்தைப் பார்த்துப்போட்டு வரேக்க அவனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ." ஓம் என்றேன். யோகனுக்கும் ஓம் என்றுதான் சொல்லியிருந்தேன். இல்லை என்று சொல்வதற்குக் காரணம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டுமே.

ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு அரிசி கொண்டுபோகக் கூடாது என்று சட்டம் இருந்த நாட்கள் அவை. லோஞ்சி கட்டும் ஜெற்றியில் காவலாளி ஒருவர் எல்லாருடைய பைகளையும் கிளறிக்கொண்டிருந்தார். என் சாக்கில் கையை விட்டவர் வெள்ளையாக ஒரு பிடி எடுத்தார்.

"என்ன இது? மாவோ?"

சுண்ணாம்பு என்று சொல்ல வாய் திறந்தேன். சனம் முழுவதும் என்னைப் பார்த்தது. அதற்குள் அவர் விரலை நாக்கில் வைத்துவிட்டார். துப்பிக்கொண்டு போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து, "சுண்ணாம்பெண்டு சொல்லுறதுக்கு என்ன ஐசே?" என்றார். ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருந்த ஒரு பெண் சிரித்துச் சிரித்து ஆட்டுக்குட்டியை விட்டுவிட்டாள். அதைப் பிடிக்கிற கலவரத்தில் நான் லோஞ்சிக்குள் போய் மூலையில் ஒடுங்கிக்கொண்டேன்.

நடு விரிகுடாவில் இயந்திரம் நின்றது. இது வழக்கமாம். ஓட்டுகிறவர் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினார். அதுவரை கத்திக்கொண்டிருந்த சனமும் ஏனோ குரலைத் தாழ்த்திக்கொண்டது. தண்ணீர் எண்ணெய் போலக் கிடந்தது. கீழே கண்ணாடி உடம்புச் சொறிமுட்டை மீன்கள் குடை விரித்துச் சுருக்கி, விரித்துச் சுருக்கி, எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே பச்சை. அதற்குக் கீழே கறுப்பு. இந்தத் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றிக் கந்தோரில் பெருமையாகக் கதைப்பார்கள். அதன் மேல் அசையாமல் இருக்கும்போது, யாரோ என்னைத் தூக்கி உள்ளங்கையில் வைத்திருப்பது போல இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். நான் இருக்கிற ஊர் ஒரு பச்சைக் கோடாகத் தெரிந்தது. என் புல்வெளி, நான் பூசிய வெள்ளைக் கற்கள், படலையில் நிற்கும் பூமணி, எல்லாம் அந்தக் கோட்டுக்குள் இருக்க வேண்டும். அங்கே யாரோ ஒரு தோட்டக்காரன் நின்று இந்தப் பக்கத்தைப் பார்க்கிறான் என்று ஒரு நினைப்பு வந்தது. அவனுக்குக் கை காட்டலாமா என்றும் யோசித்தேன்.

மூதூரில் ஒரு தேத்தண்ணிக் கடையில் வெறுந்தேத்தண்ணியும், கடித்துக் குடிக்க ஒரு துண்டு பனங்கட்டியும், குரக்கன் ரொட்டியும் கிடைத்தன. சீனி எங்கேயும் இல்லை. ரொட்டியில் தேங்காய்ப்பூவைத் தாராளமாகப் போட்டிருந்தார்கள். எங்கள் கந்தோர்ச் சாப்பாட்டுக் கடையில் பாணுக்கு வரிசையில் நின்று சண்டை பிடிப்பதை நினைத்துக்கொண்டேன். இங்கே ஒருவரும் அவசரப்படவில்லை. முதலாளி என்னிடம் ஒன்றும் கேட்காமலே இரண்டாவது கோப்பையை வைத்தார். அப்படிப்பட்ட கடைகள்தான் எனக்குப் பிடிக்கும்.

அங்கிருந்து மாட்டு வண்டி. வண்டிக்காரர் இபுறாகிம் காக்கா கதைக்காமல் ஒரு நிமிடமும் இருக்க மாட்டார்.

"திருமலையில என்ன வேல நீங்க?"

"தோட்டம்."

"என்ன நடுறீங்க?"

"புல்லு."

"மாட்டுக்கா?"

"இல்லை. பார்க்க."

காக்கா வண்டியை நிறுத்திவிட்டார். "புல்ல நட்டு, தண்ணி ஊத்தி, வளர்ந்தா வெட்டி எறியிறதா? அதுக்குச் சம்பளமும் தாறானா? என்ட றப்பே!" பிறகு மாட்டின் முதுகில் தட்டி, "கேட்டியா வாப்பா, நீ பிறக்க வேண்டிய இடம் அது," என்றார். மாடு காதை ஆட்டியது.

வழியில் ஒரு யானை நின்றது. வண்டியை மரத்தடியில் ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தோம். யானை ஒரு கொப்பை முறித்து, பட்டையை உரித்து, ஆறுதலாகத் தின்றது. காக்காவின் வாயும் அப்போதுதான் மூடியிருந்தது. கச்சான் காற்று காய்ந்த இலைகளை உருட்டிக்கொண்டு போனது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே யானை அங்கே இல்லாமல் போயிற்று. அது நடந்து போனதை நான் பார்க்கவில்லை, காக்காவும் பார்க்கவில்லை. மாலையில் களப்புத் துறையில் இறங்கித் தோணியில் ஏறினேன். அக்கரையில் யோகன் நின்றான். அவனைச் சுற்றி முழங்காலளவு தண்ணீரில் பிள்ளைகள்.

அடுத்த நாள் விடியத் தோட்டத்தைப் பார்த்தேன். நான் அனுப்பிய தடிகள்தானா என்று நம்ப முடியவில்லை. மரவள்ளி ஆள் உயரம் தாண்டி நின்றது. அடியில் பூசணி ஓடியிருந்தது. பயற்றைக் கொடி மரவள்ளித் தண்டிலேயே ஏறியிருந்தது. வெண்டி, கத்தரி, கீரை எல்லாம் கண்டபடி முளைத்திருந்தன. கிணற்றிலிருந்து பிள்ளைகள் முறை வைத்துத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வரிசை கிடையாது. காட்டில் எப்படி நிற்குமோ அப்படி நின்றது. தோட்டக்காரன் மனம் பதறியது. அதிகாரி வந்தால் எங்கே நின்று பார்ப்பார்?

வரிசையை இனி மாற்ற முடியாது. ஓரத்தையாவது சரி பண்ணுவோம் என்று பிள்ளைகளைக் கொண்டு கல் பொறுக்கி, சுற்றி அடுக்கி, சுண்ணாம்பு கரைத்துப் பூசினேன். பிள்ளைகள் எனக்குக் கூச்சமாக இல்லை. அவர்களும் என் முகத்தைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தே கதைத்தார்கள்.

"இது ஏன் பூசுறது?"

"அழகுக்கு."

"கல்லு காய்க்குமோ?"

"இல்லை."

"அப்ப ஏன் தோட்டத்தில வைக்கிறீங்கள்?"

நான் பூசிக்கொண்டே இருந்தேன்.

மத்தியானம் கொட்டிலுக்குப் பின்னால் கண்ணகை சமைத்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். குரல் பெரிது, சிரிப்பு அதைவிடப் பெரிது. பூசணிக்காயும் கீரையும் ஒன்றாகக் கடைந்து, சுட்ட மணலை மீனை உதிர்த்துப் போட்டுத் தந்தாள். கடைசியில் இலையில் ஒரு துண்டு தேன்வதை. மெழுகை மென்று துப்பத் தெரியாமல் நான் விழுங்கிவிட்டேன். "திருமலையார் மெழுகுதிரி தின்னுறார்," என்று அவள் ஊருக்கே கேட்கச் சொன்னாள். ஆனால் அன்றைக்குக் கொட்டிலில் இருந்த பிள்ளைகள் ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடுவார்கள். மற்ற வீடுகள் காட்டில் இருந்தன. யோகன் வரவுப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு மூடினான்.

"மரவள்ளி கிண்டினால் வருவினம் அத்தான். அதைத் தொடாமல் வச்சிருக்கிறன். அதிகாரிக்கு முன்னால கிண்ட வேணும். வாற புதன்கிழமை எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்."

அன்று மாலை ஆண்கள் களப்பில் வலை வளைத்து மீன் கொண்டுவந்தார்கள். மணலில் கொட்டி, அடுப்புக்கு ஒன்றாகக் குவியல் போட்டார்கள். வலைக்குப் போகாத வீட்டுக்கும் ஒரு குவியல். யோகனின் கொட்டிலுக்கு ஒன்று. நான் வந்திருப்பதால் அதன் பக்கத்தில் இன்னொன்று. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வேண்டாம் என்று கையால் காட்டினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. மீன் நல்ல கொழுப்பு. இரண்டு முறை போட்டுத் தின்றேன்.

கிழக்கு வெளுக்கும்போது கண்ணகை கொட்டில் வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"எழும்புங்கோ திருமலையார். வலைக்கு."

"நானோ? எனக்கு மீன் பிடிக்கத் தெரியாது."

"தின்னத் தெரிஞ்சதுதானே? பங்கு எடுத்த வீடு அடுத்த முறைக்கு ஆள் அனுப்ப வேணும். உங்கட வீட்டில நீங்கள்தான் ஆள்."

யோகன் பாயில் கிடந்தபடி சிரித்தான். "அது இஞ்சத்தைய முறை அத்தான். தப்ப ஏலாது. நான் எத்தினை தரம் போயிருக்கிறன்."

நான் களப்பில் இடுப்பளவு தண்ணீரில் வலையின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பனிப்புகை தண்ணீர் மேல் தவழ்ந்தது. எனக்கு இடமும் வலமும் ஆட்கள் நின்றார்கள். அவர்களின் தலைகள் மட்டும் புகையில் மிதந்தன. ஒருவரும் கதைக்கவில்லை, என்னையும் கதைக்கச் சொல்லவில்லை. கால் விரல்களுக்கு இடையில் சேறு மெதுவாக நுழைந்தது. ஏதோ ஒரு மீன் என் முழங்காலை மணந்து பார்த்துவிட்டுப் போனது. வாழ்நாள் முழுவதும் ஆட்களோடு எப்படி நிற்பது என்று தெரியாமல் தவித்தவன் நான். இப்படி நிற்கலாம் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அன்று பகல் கண்ணகையும் பிள்ளைகளும் காட்டு வள்ளி கிண்டப் போனார்கள். பின்னால் போனேன். அலவாங்கால் குழி பறித்து, கிழங்கை எடுத்தபின், கொடியோடு தலைத் துண்டை வெட்டி அதே குழியில் வைத்து மண்ணை மூடினார்கள். சின்னப் பிள்ளைகூட மூடாமல் எழும்பவில்லை. நாங்களும் நடத்தான் செய்கிறோம். ஆனால் நாங்கள் எடுப்பது ஒரு நாள், நடுவது ஒரு நாள். இவர்களுக்கு இரண்டும் ஒரே கையசைவு.

புதன்கிழமை நானும் யோகனும் அதிகாரியை எதிர்கொள்ள விடியவே தோணியில் துறைக்குப் போனோம். யோகன் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வெயில் ஏறியது. வண்டி வரவில்லை. மத்தியானம் தாண்டியது. மாலையில் சைக்கிளில் வந்த ஒருவர், லோஞ்சி நடுக்கடலில் நின்றுவிட்டதாம், அதிகாரி மூதூரில் தங்கி நாளைக்குத்தான் வருவாராம் என்று சொன்னார். நாங்களும் துறையடியில் இருந்த காக்காவின் வண்டிக் கொட்டிலில் தங்கிவிட்டோம். காக்காவின் மனைவி அனுப்பிய கஞ்சியை யோகன் தொடவில்லை.

"பூட்டிப்போட்டால் அக்காவுக்குச் சந்தோசம்," என்றான்.

"உனக்கு?"

"நான் போனால் அதுகள் எழுத்து எண்டால் என்ன எண்டே தெரியாமல் இருக்கும் அத்தான். களப்பைத் தாண்டி மூதூருக்குப் படிக்கப் போகாதுகள். போனாலும் அங்க சிரிப்பினம்." ஆட்கள் சிரிப்பார்கள் என்று ஐந்தாம் வகுப்போடு நின்றவனிடம் மேலே சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

அடுத்த நாள் அதிகாரி வந்து சேர்ந்தார். பாவம், நல்ல மனிதர்தான். கடலில் சத்தி எடுத்து, வண்டியில் குலுங்கி, முகம் வாழைத்தண்டு நிறத்தில் இருந்தது. தோணியில் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். கரையில் இறங்கி, கொட்டிலைச் சுற்றிப் பின்னால் போய், நின்றார்.

தோட்டம் இல்லை.

மரவள்ளி ஒன்றும் இல்லை. பூசணி இல்லை. கொத்திப் புரட்டிய மண் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. நான் பூசிய வெள்ளைக் கற்களும் இல்லை. யோகன் வாயைத் திறந்தான். அவனுக்கும் என் வியாதி தொற்றிவிட்டது போலச் சொல் வரவில்லை.

"மாஸ்டர், இதுதானோ தோட்டம்?" என்றார் அதிகாரி.

கண்ணகை ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். "நேற்றல்லோ ஐயா வாற நாள்? மாஸ்ரர் சொன்ன நாளில கிண்டினம். காட்டில இருந்தவையும் வந்து கிண்டினவை."

"நான் வரயில்லையே!"

"நீங்கள் வரயில்லை எண்டு கிழங்குக்குத் தெரியுமோ? கிண்டினதை ஒரு இடத்தில குவிச்சு வைக்கிற பழக்கம் எங்களிட்ட இல்லை. அடுப்புக்கு அடுப்பு பங்கு போட்டாச்சு. உங்கட பங்கும் இருக்கு. வாங்கோ."

"நான் வீடு பார்க்க வரயில்லை, அம்மா."

"தோட்டம் பார்க்கத்தானே வந்தனீங்கள்? தோட்டம் இப்ப அங்கதான் நிற்குது."

அவருக்குப் பசித்திருக்க வேண்டும். போனார். முதல் குடிசையில் அடுப்பில் மரவள்ளி அவிந்துகொண்டிருந்தது. அடுப்புக் கற்கள் மூன்றும் என் வெள்ளைக் கற்கள். பாதி புகை பிடித்திருந்தன. கிழங்கு அவிந்து மாவாக வெடித்திருந்தது. தேங்காயும் செத்தல் மிளகாயும் இடித்த சம்பலோடு ஓர் இலையில் வைத்துக் கொடுத்தார்கள். நின்றுகொண்டு ஒரு துண்டு எடுத்தவர், பிறகு பாயில் இருந்துவிட்டார். வெளியே, கை கழுவுகிற இடத்தில் இரண்டு மரவள்ளித் தடி ஊன்றியிருந்தது. கச்சான் வீசுகிற மாதத்தில் தடி ஊன்றினால் காய்ந்துபோகும் என்று சொல்ல நினைத்தேன். கை கழுவிய தண்ணீர் அதன் அடிக்கு ஓடுவதைப் பார்த்தேன். சொல்லவில்லை.

அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். எல்லா வீட்டிலும் அவருக்கு ஒரு துண்டு. எல்லா வாசலிலும் இரண்டு தடி. முகத்தில் நிறம் திரும்பிய அதிகாரி கடைசி வீட்டில் கை கழுவிக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"கிழங்கு நல்லம், மாஸ்டர். இல்லை எண்டு சொல்ல மாட்டன். ஆனா இந்தத் தோட்டத்தை நான் விட்டது பிள்ளையள் பள்ளிக்கூடம் வரவேணும் எண்டு. கொட்டிலில பிள்ளையளைக் காணயில்லையே. கிழங்கு ஊருக்குப் போச்சு. பள்ளிக்கூடத்துக்கு என்ன வந்தது?"

பொழுது சாய்ந்துவிட்டதால் தோணி இனி இல்லை. அதிகாரிக்குக் கொட்டிலில் இருந்த ஒரே கதிரையையும் பாயையும் கொடுத்தோம். கண்ணகை மட்டும் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போலச் சட்டி கழுவினாள்.

காலையில் சத்தம் கேட்டு எழுந்தேன். மைனாக் கூட்டம் என்று நினைத்தேன். கொட்டில் வாசலில் பிள்ளைகள். யோகனுக்குத் தெரிந்த பிள்ளைகள், தெரியாத பிள்ளைகள், காட்டிலிருந்து வந்த எண்ணெய் காணாத தலைகள், தம்பியை இடுப்பில் சுமந்த ஒரு பெண் பிள்ளை. ஒவ்வொரு தாயும் தன் வீட்டு ஆளைக் கையில் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனாள். எல்லாருக்கும் பின்னால் ஒரு கிழவர் தோளில் கோடரியோடு வந்து, கோடரியைக் கூரையில் செருகிவிட்டு, பிள்ளைகளுக்கு நடுவில் சப்பாணி கட்டி இருந்தார்.

அதிகாரி சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டே பார்த்தார். "அப்பு, நீங்கள் ஆர்?"

"எங்கட வீட்டில பிள்ளை இல்லை," என்றார் கிழவர். "அதுதான் நான் வந்தனான்."

"படிக்க விருப்பமோ?"

"விருப்பம் ஒண்டும் இல்லை. பங்கு எடுத்தனான்."

அதிகாரிக்கு விளங்கவில்லை. யோகன்தான் விளங்கப்படுத்தினான். வலையில் பங்கு எடுத்த வீடு வலைக்கு ஆள் அனுப்ப வேண்டும். இது பள்ளிக்கூடத்துக் கிழங்கு. எடுத்த வீடு பள்ளிக்கூடத்துக்கு ஆள் அனுப்பியிருக்கிறது. அதிகாரி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கூரையில் செருகியிருந்த கோடரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனையை எடுத்து, "பேரைச் சொல்லச் சொல்லுங்கோ மாஸ்டர்," என்றார். யோகன் கூப்பிட, அவர் எழுதினார். கிழவரும் தன் பெயரைச் சொன்னார். அதை எழுதினாரா என்று நான் பார்க்கவில்லை.

துறைக்குப் போகும்போது கண்ணகை அதிகாரியின் கையில் ஒரு பெரிய கிழங்கைக் கொடுத்தாள்.

"அப்ப நானும் ஆள் அனுப்ப வேணுமோ?" என்று அவர் கேட்டார். முதல் தடவையாகச் சிரித்தார்.

"ஆளை அனுப்பாதேங்கோ. நீங்களே வாங்கோ."

"சரி, இன்னொரு வருசம் பார்ப்பம், மாஸ்டர்," என்றார் அவர் யோகனிடம். அவ்வளவுதான் சொன்னார். தோணியில் கிழங்கை மடியில் வைத்துக்கொண்டு, இம்முறை கண்ணைத் திறந்தபடி போனார்.

நான் அடுத்த நாள் புறப்பட்டேன். கண்ணகை சாக்கில் சுற்றி எனக்கும் ஒன்று கொண்டுவந்தாள். "இது திருமலை வீட்டுக்காரிக்கு." நான் அதை வாங்கத் தயங்கினேன். என் வீட்டிலிருந்து யாரை அனுப்புவது?

அவள் என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். "பயப்பிடாதேங்கோ. உங்கட வீட்டு ஆள் ஏற்கனவே இஞ்ச நிற்கிறார்," என்று யோகனைக் காட்டினாள்.

தோணி நகரும்போது யோகன் கேட்டான்: "அக்காவிட்ட என்ன சொல்லப் போறீங்கள் அத்தான்?" எனக்குத் தெரியவில்லை. காக்காவின் வண்டியிலும் தெரியவில்லை. நடு விரிகுடாவில் லோஞ்சி மறுபடியும் நின்றபோதும், சொறிமுட்டைகள் குடை விரிப்பதைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். இரண்டு கரையும் ஒரே அளவு பச்சைக் கோடாகத் தெரிந்தன. அப்படியே அங்கேயே இருந்துவிட்டால் ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று பட்டது. இயந்திரம் உயிர்த்தது.

படலையில் பூமணி நின்றாள். என்னைப் பார்க்கவில்லை; எனக்குப் பின்னால் பார்த்தாள். ஒழுங்கை முடிவு வரை பார்த்தாள். பிறகு சாக்கைப் பார்த்தாள்.

"அவன் எங்க?"

"கிழங்கு," என்றேன்.

"தம்பியைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னால் கிழங்கைக் கொண்டு வந்திருக்கிறீங்கள்." ஏசிக்கொண்டே கிழங்கைத் தோலுரித்தாள். ஏசிக்கொண்டே அவித்தாள். சம்பலை இடிக்கும்போது உலக்கையும் சேர்ந்து ஏசியது. இரண்டு பேரும் குசினியில் இருந்து சாப்பிட்டோம். ஒரு துண்டு வாயில் வைத்தபின் அவள் ஏச்சு நின்றது. "மாப்போல இருக்கு," என்றாள். "நீங்கள் அனுப்பின தடியோ?"

அப்போதுதான் நான் கதைத்தேன். வலையில் நின்றதையும், வெறும் மண்ணையும், அடுப்புக்குப் போன கற்களையும், கோடரிக் கிழவரையும், பங்கையும், எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு அவளிடம் நான் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததில்லை. அவள் தின்னாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எங்கட வீட்டு ஆள் அவனோ?"

"ஓம்."

"எவ்வளவு நாளைக்கு?"

"கிழங்கு வந்துகொண்டிருக்கிற வரைக்கும்."

சட்டியில் இரண்டு துண்டு மிஞ்சிக் கிடந்தது. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பூமணி ஒரு துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். மற்றதைத் தானே எடுத்துத் தின்றாள்.

திருகோணமலை,
1976 மாசி 8, ஞாயிற்றுக்கிழமை.